ஐந்து விரலும் விரித்த கை

கல்பாக்கத்துச் சென்னை அணுமின் நிலையத்தை நடுவில் வைத்து, வரைபடத்தில் மூன்று வட்டங்கள் போட்டார்கள். முதல் வட்டத்தின் ஆரம் 1.6 கி.மீ. அதற்குள் யாரும் குடியிருக்கக் கூடாது. இரண்டாவது 5 கி.மீ. அங்கே இருக்கும் ஊர் தன் போக்கில் வளரலாம், புதிதாக ஆள் சேர்க்கும் திட்டங்கள் வரக் கூடாது. மூன்றாவது 16 கி.மீ. விபத்து நேர்ந்தால் மக்களை வெளியேற்றுவது, தங்கவைப்பது, அயோடின் மாத்திரை கொடுப்பது போன்ற ஏற்பாடுகள் அந்த வட்டத்துக்காகத் திட்டமிடப்பட்டவை. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் மூன்றாம் வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. இன்னும் வடக்கே, கோவளத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் திருவிடந்தை, கோட்டுக்கு வெளியே நிற்கிறது. நிலையத்திலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் இருபது கிலோமீட்டருக்கு மேல்.

திருவிடந்தைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கல்யாணம் கூடிவர வேண்டுமென்று வருகிறவர்கள். நித்யகல்யாணப் பெருமாளுக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றும்போது அணு உலையைப் பற்றி யாரும் நினைக்கப்போவதில்லை. நினைக்க வேண்டியதும் இல்லை. 2018 ஏப்ரல் 11 முதல் 14 வரை இதே ஊரில் மத்திய அரசு பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சியை நடத்தியது. டாங்குகளும் பீரங்கிகளும் ஏவுகணைகளும் உலகுக்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆயுதத்தைத் திறந்து காட்டத் தயங்காத அதே அரசு, அதே கடற்கரையில் மின்சாரம் தயாரிக்கும் ஆலைகளின் பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிட்ட ஓர் ஆவணத்தை நாட்டுமக்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தது. அந்த ஆவணத்தைத் தயாரித்ததும் அரசே அமைத்த கண்காணிப்பு அமைப்புதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பதினாறு கிலோமீட்டர் போதும் என்று சொன்னது யார்? சொன்னவர் சரியாகச் சொன்னாரா என்று பார்த்தது யார்? பார்த்தவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? ஒரு ஜனநாயகத்தில் அரசைக் கண்காணிக்கும் அமைப்புகளைப் பற்றி எத்தனையோ தத்துவம் பேசலாம். ஆனால் ஓர் அமைப்பு வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்து நான்கு கேள்விகள் போதும். அதன் தலைவரை யார் நியமிக்கிறார்? அதற்கு யார் பணம் தருகிறார்? அது யாரிடம் அறிக்கை கொடுக்கிறது? அதன் தலைவரை யார் வீட்டுக்கு அனுப்ப முடியும்? நான்குக்கும் விடை, கண்காணிக்கப்படுகிறவரின் பெயராகவே இருந்தால், உள்ளே இருப்பவர்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும் அந்த அமைப்பு ஒரு கட்டத்துக்கு மேல் வாய் திறக்க முடியாது.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பர் 15 அன்று அமைக்கப்பட்டது. கல்பாக்கத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கியதும் அதே ஆண்டு ஜூலையில்தான். வாரியத்தை நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு உருவாக்கவில்லை. 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, மத்திய அரசு தன் அதிகாரத்தை வேறொருவருக்கு ஒப்படைக்கலாம் என்கிறது. அந்தப் பிரிவின் கீழ் ஓர் அரசாணை மூலம் வாரியம் பிறந்தது. ஆணையால் பிறந்ததை இன்னோர் ஆணையால் சுருக்கவும் முடியும். இதற்கு இரண்டாண்டு முன்பே, 1981இல், மெக்கோனி குழு என்ற அரசுக் குழு, சட்ட அந்தஸ்துள்ள அமைப்பாக இதை ஏற்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. பரிந்துரை கோப்பில் தங்கிவிட்டது.

வாரியம் அறிக்கை கொடுத்தது அணுசக்தி ஆணையத்திடம். ஆணையத்தின் தலைவரே அணுசக்தித் துறையின் செயலர். கல்பாக்கம் உலைகளை நடத்தும் அணுமின் கழகமும், அதிவேக ஈனுலையைக் கட்டிய ‘பாவினி’யும், மறுபதப்படுத்தும் ஆலையை நடத்திய பாபா அணு ஆராய்ச்சி மையமும் அந்தத் துறையின் பிள்ளைகள். வாரியத்துக்கான பணமும் அத்துறையின் ஒதுக்கீட்டிலிருந்து வந்தது. அதன் தலைமை அலுவலகம்கூட மும்பையில் அணுசக்தித் துறையின் குடியிருப்பு நகரமான அணுசக்தி நகரில்தான் இருக்கிறது. நான்கு கேள்விகளையும் போட்டுப் பாருங்கள். பரீட்சை எழுதுகிற மாணவனே விடைத்தாள் திருத்துகிறவருக்குச் சம்பளம் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அமைப்பு.

வாரியத்தில் வேலை செய்த பொறியாளர்களைக் குறைசொல்வது என் நோக்கமே இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி கல்பாக்கத்தைத் தாக்கியபோது இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்தது. உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின, அருகில் ஈனுலைக்குத் தோண்டிய அடித்தளப் பள்ளம் நீரில் நிறைந்தது. ஆனாலும் உலைக்கு ஆபத்து வரவில்லை. உலையை வடிவமைத்தவர்களும் இயக்கியவர்களும் சோதித்தவர்களும் தம் வேலையைச் செய்திருந்ததால்தான் அது முடிந்தது. அந்த உழைப்பை மதிக்கிறவன்தான் அடுத்து வரும் சம்பவத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

2003 ஜனவரி 21. கல்பாக்கம் மறுபதப்படுத்தும் ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதி. எரிந்து முடிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை அது. மிஞ்சுவது கடும் கதிர்வீச்சுள்ள திரவம். ஒரு வால்வு சரியாக மூடாமல் போனதில், கடும் கதிர்வீச்சுக் கழிவு குறைந்த கதிர்வீச்சுக் கழிவுக்கான தொட்டிக்குள் கசிந்துவிட்டது. அந்த இடத்தில் கதிர்வீச்சை அளந்து எச்சரிக்கும் கருவி இல்லை. தொட்டியில் இருப்பது சாதாரணக் கழிவு என்று நம்பி மாதிரி எடுக்கப் போனார்கள். ஆறு ஊழியர்கள் 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை கதிர்வீச்சு வாங்கினார்கள். ஓர் ஊழியர் எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்பது விதி. ஒரே வேலையில் ஒன்பது ஆண்டு வரம்பைத் தாண்டியிருந்தது.

செய்தி வெளியே வர மாதங்கள் ஆயின. தொழிற்சங்கம் பாதுகாப்புக் கேட்டு எழுதியது, போராடியது. பத்திரிகைகளுக்கு விஷயம் எட்டியது. ஆகஸ்டில்தான் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர் நடந்ததை ஒப்புக்கொண்டார். ஊழியர்கள் வாங்கிய கதிர்வீச்சைப் பொறுத்தவரை இந்திய அணுசக்தி வரலாற்றில் இதுவே மிக மோசமானது என்றும் சொன்னார்.

ஒழுங்குமுறை வாரியம் அதுவரை என்ன செய்தது என்று கேட்கத் தோன்றும். அந்த ஆலைக்குள் கால்வைக்கும் அதிகாரமே அதற்கு இல்லை. 2000ஆம் ஆண்டு ஓர் அரசாணை, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆலைகளை வாரியத்தின் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. அவற்றின் பாதுகாப்பைப் பார்க்கும் பொறுப்பு மையத்தின் உள்குழுவிடமே போனது. ராணுவ முக்கியத்துவம் என்பது காரணம். அணு ஆயுத ரகசியத்தைப் பாதுகாக்க வேண்டியது அரசின் கடமை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு தொழிலாளி மாதிரி எடுக்கப் போகும் இடத்தில் எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று வெளியாள் ஒருவர் வந்து பார்ப்பதில் எந்த ஆயுத ரகசியம் கசிந்துவிடும்? அரசாணையால் பிறந்த வாரியத்தின் பாதி உலகத்தை இன்னோர் ஆணை ஒரே நாளில் வெட்டி எடுத்தது. அரசமைப்பில் இடம் உண்டா, சட்டத்தில் இடம் உண்டா, ஆணையில் மட்டும்தான் இடமா என்ற வேறுபாடு, சட்டக்கல்லூரி வகுப்பறையில் சலிப்பாகத் தெரியும். அந்தத் தொட்டிப் பகுதியில் அது ஆறு பேரின் உடம்பில் ஏறியது.

இப்போது அந்த ஆவணம். 1993 முதல் 1996 வரை வாரியத்தின் தலைவராக இருந்தவர் அ. கோபாலகிருஷ்ணன். அவருடைய காலத்தில், 1995இல், நாட்டின் அணுசக்தி ஆலைகளில் இருக்கும் பாதுகாப்புக் குறைகளை வாரியம் தொகுத்தது. சுமார் 130 குறைகள். பதவிக்காலம் முடிந்த பிறகு அவர் அமைப்பின் பலவீனங்களை வெளிப்படையாகப் பேசினார். ஆலைகளைச் சோதிக்க வாரியம் அந்த ஆலைகளை நடத்தும் துறையின் வல்லுநர்களையே நம்பியிருக்க வேண்டியிருந்தது என்று திரும்பத் திரும்ப எழுதினார். மக்கள் சிவில் உரிமைக் கழகமும் பம்பாய் சர்வோதய மண்டலும் அந்தப் பட்டியலை வெளியிடக் கேட்டு வழக்குத் தொடுத்தன. பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்தது. 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மக்களுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு, அது பேச்சுரிமையின் ஒரு பகுதி என்று ஏற்றுக்கொண்ட அதே தீர்ப்பு, அணுசக்திச் சட்டத்தின் 18ஆவது பிரிவு தரும் ரகசிய அதிகாரத்தையும் ஏற்றது. அரசு மறைப்பது நியாயம் என்று முடிந்தது.

இங்கேதான் என் நான்கு கேள்விகளோடு ஐந்தாவது ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கண்காணிப்பாளர் கண்டுபிடித்ததை யார் படிக்கலாம்?

இந்தக் கேள்விக்கு விடை தேடி மேல்நாட்டுக்குப் போக வேண்டாம். திருவிடந்தையிலிருந்து கடற்கரையை விட்டு உள்ளே, தென்மேற்கே போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. ஒன்று 919ஆம் ஆண்டு, இன்னொன்று 921. குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் எல்லாரும் படித்ததுதான். முப்பது குடும்புகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம், தகுதியுள்ளவர் பெயரெழுதிய ஓலைகள், ஒரு குடம். இதை வைத்து உலகின் முதல் ஜனநாயகம் நம்முடையது என்று மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். ஏரியை வெட்டியவனுக்கும் நெல்லை நட்டவளுக்கும் குடத்தில் ஓலை இல்லை. அரசனின் அதிகாரி ஒருவர் உடனிருக்கத்தான் சபை இந்த ஏற்பாட்டைச் செய்தது என்பதையும் கல்வெட்டே சொல்கிறது.

இதையெல்லாம் ஒத்துக்கொண்ட பிறகும் அந்தச் சுவரில் என்னை நிறுத்திவைக்கும் விஷயங்கள் சில உண்டு. ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன். எந்த ஓலையில் யார் பெயர் என்று பிரித்தறியத் தெரியாத வயதுடையவன். எடுத்ததை மத்தியஸ்தனிடம் கொடுக்கிறான். மத்தியஸ்தன் அதை வாங்கும்போது ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்தி வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. பிறகு அவன் உரக்கப் படிக்கிறான். அவன் படித்தது சரிதானா என்று மண்டபத்தில் இருக்கும் கோயில் பூசகர்களான நம்பிமார் அனைவரும் படிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பெயர் எழுதப்படுகிறது. மத்தியஸ்தன் அயோக்கியன் என்று யாரும் சொல்லவில்லை. நல்லவன் கையும் விரிந்துதான் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

கணக்கைப் பற்றிய விதி இன்னும் கறாரானது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வர முடியாது. அவனோடு போகவில்லை, பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன், மாமனார் என்று உறவுக்காரர் பட்டியலே நீள்கிறது, அவர்களும் வர முடியாது. ஒருவன் செய்த பிழைக்கு உறவு முழுவதையும் தண்டிப்பது இன்றைய அறத்துக்கு ஒவ்வாது. ஆனால் அவர்கள் பயந்தது எதற்கு என்று தெரிகிறது: கணக்குக் காட்டாதவன் தன் ஆளை உள்ளே அனுப்பிப் பழைய கணக்கைப் புதைத்துவிடுவான். கணக்கன் தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து ஒப்புவிக்க வேண்டும், வேறொரு கணக்கனைக் கொண்டு முடித்துவைக்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. மூன்று ஆண்டுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் தேர்வாகவும் கூடாது.

நம் அரசமைப்பில் இந்த விரிந்த கைக்கு மிக நெருங்கி வரும் பதவி, தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். 148 முதல் 151 வரையிலான உறுப்புகள் அவரைப் பற்றியவை. 1949 மே 30 அன்று அரசமைப்பு நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசமைப்பிலேயே மிக முக்கியமான அதிகாரி அநேகமாக இவர்தான் என்றார். நீதித்துறையைவிடவும் இவருடைய கடமை கனமானது என்று கருதினார். மக்களவை ஒதுக்கிய பணம் ஒதுக்கிய காரியத்துக்கே போயிற்றா என்று பார்க்க ஆளில்லாவிட்டால், வாக்குப் போட்டு மக்களவையைத் தேர்ந்தெடுத்ததில் பாதிப் பயன் போய்விடும்.

நான்கு கேள்விகளை இவரிடமும் போடலாம். நீக்குவது கடினம், உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் முடியும். அவருடைய அலுவலகச் செலவு இந்தியத் தொகுப்பு நிதியின் மேல் சுமத்தப்பட்டது, ஆண்டுதோறும் எந்த அமைச்சரிடமும் கைநீட்டவோ, வாக்களிப்புக்கு விடவோ வேண்டியதில்லை. ஓய்வுக்குப் பிறகு மத்திய, மாநில அரசுகளில் எந்தப் பதவியும் ஏற்கக் கூடாது. அறிக்கை குடியரசுத் தலைவர் வழியாக நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. வைத்த அன்றே யாரும் படிக்கலாம். ஓட்டை இருப்பது நியமனத்தில். அவரைத் தேர்ந்தெடுக்க எதிர்க்கட்சித் தலைவரையோ நீதிபதியையோ சேர்த்த குழு எதையும் அரசமைப்பு சொல்லவில்லை. நடைமுறையில் அது ஆளும் அரசின் தேர்வு. நான்கில் மூன்று தேறுகிறது. அந்த மூன்று எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு 2012 ஒரு சான்று.

அந்த ஆண்டு ஆகஸ்டில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தைப் பற்றியே ஒரு செயல்திறன் அறிக்கை கொடுத்தார். கண்காணிப்பவரைக் கண்காணித்த அறிக்கை. மொழி காய்ந்த அலுவலக மொழிதான். சேதி அப்படி இல்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கு ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று 1983 ஆணையே சொல்லியிருந்தும், முப்பது ஆண்டு நெருங்கும்போதும் அந்தக் கொள்கை எழுதப்படவில்லை. தேவை என்று அடையாளம் காணப்பட்ட 168 விதித்தொகுப்புகளிலும் வழிகாட்டிகளிலும் 27 இன்னும் வரவில்லை. நாட்டின் எந்த அணுமின் நிலையத்துக்கும், முப்பது ஆண்டு ஓடிய உலைக்கும்கூட, ஆயுள் முடிந்த பின் உலையை எப்படிக் கலைப்பது என்ற திட்டம் இல்லை. விதியை மீறினால் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சம் 500 ரூபாய்.

அணு உலை நமக்கு எட்டாத விஷயம் என்று நினைக்கிறவர்கள் அந்த அறிக்கையின் எக்ஸ்ரே பகுதியைப் பார்க்க வேண்டும். நாட்டில் அப்போது 57,443 மருத்துவ எக்ஸ்ரே மையங்கள். வாரியத்தில் பதிவு பெற்றவை 5,270. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று யார் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருந்தன. மாநிலம்தோறும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்ககம் அமைக்கச் சொல்லி 2001இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. பதினோரு ஆண்டுக்குப் பின் அப்படி அமைத்திருந்த மாநிலங்கள் கேரளமும் மிசோரமும் மட்டும். தமிழ்நாடு, கல்பாக்கத்தையும் கூடங்குளத்தையும் வைத்திருக்கும் தமிழ்நாடு, அந்தப் பட்டியலில் இல்லை. கால் முறிந்து போய் எக்ஸ்ரே மேசையில் படுக்கிற யாருக்கும், அந்த இயந்திரத்தை யாராவது சோதித்தார்களா என்று தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இருந்தது.

மறு ஆண்டு, 2013 டிசம்பரில், முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான பொதுக் கணக்குக் குழு இதே அறிக்கையை எடுத்து ஆராய்ந்து, வாரியத்துக்கு உண்மையான சுதந்திரம் வேண்டும் என்றது. எதிர்க்கட்சிக்காரர் தலைமையில் எல்லாக் கட்சியினரும் உட்கார்ந்து அரசின் கணக்கைப் பார்ப்பது, நம் நாடாளுமன்ற மரபில் இன்னும் உயிரோடிருக்கும் நல்ல வழக்கங்களில் ஒன்று. ஆனால் குழுவால் பரிந்துரைக்க மட்டுமே முடியும். புகுஷிமாவுக்குப் பிறகு 2011 செப்டம்பரில் கொண்டுவரப்பட்ட அணுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை ஆணைய மசோதா மக்களவையிலேயே கிடந்து, 2014இல் மக்களவை கலைந்தபோது தானும் காலாவதியானது. 2015 மார்ச்சில் வந்த சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வுக் குழுவும், வாரியத்தைச் சட்டத்தில் பதித்து, பிறர் செல்வாக்கு படாதபடி தனித்து நிறுத்துங்கள் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனது. வெளியார் வந்து சொல்ல வேண்டிய புதுச் செய்தியும் அல்ல அது. ஒழுங்குபடுத்தும் அமைப்பையும் அணுசக்தியை வளர்க்கும் அமைப்பையும் பிரித்து வைக்க வேண்டும் என்று சொல்லும் அணுப் பாதுகாப்பு உடன்படிக்கையை இந்தியா 2005லேயே ஏற்றிருந்தது.

பிரித்து வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பானே சாட்சி. அங்கே அணு உலைகளைச் சோதித்த முகமை, அணுமின்சாரத்தை வளர்க்கும் பொருளாதார அமைச்சகத்துக்குள் உட்கார்ந்திருந்தது. 2012 ஜூலையில் ஜப்பான் நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு, புகுஷிமா மனிதரால் வந்த விபத்து என்று முடிவு சொன்னது. கடல் வந்தது இயற்கை. கடல் வரும் என்று தெரிந்தும் சுவரை உயர்த்தச் சொல்லாத சோதனைக்காரர், சோதிக்கப்பட்ட கம்பெனியோடு ஒட்டிப்போனவர். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஜப்பான் பழைய முகமையைக் கலைத்து, சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பக்கம் புதிய ஆணையம் அமைத்தது. அமெரிக்கா இந்தப் பிரிவினையை 1974லேயே சட்டமாக்கிவிட்டது. சுனாமி கண்ட கடற்கரையில் உலை வைத்திருக்கும் நமக்கு ஜப்பானின் பாடம் அவர்களுக்கு இருந்ததைவிடக் குறைந்த அவசரம் உடையதாக இருக்க நியாயமில்லை.

நீதிமன்றங்கள் இந்தக் கொள்கையை வேறொரு வழியில் தொட்டிருக்கின்றன. தொட வைத்தவர்கள் சென்னை வழக்கறிஞர்கள் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தை எதிர்த்து மெட்ராஸ் பார் அசோசியேஷன் நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம் தெளிவாகச் சொன்னது: தீர்ப்பாயங்களோ அவற்றின் உறுப்பினர்களோ, வழக்கில் எதிர்த்தரப்பாக நிற்கப்போகும் அமைச்சகத்திடம் வீடும் காரும் வசதியும் கேட்டுப் பெறக் கூடாது, அவை சட்ட அமைச்சகத்தின் கீழ் இருக்கட்டும். அரசு ஒவ்வொரு முறையும் புதுச் சட்டத்தில் பழைய கயிற்றைக் கட்டியது. உறுப்பினர் பதவிக்காலத்தை நான்கு ஆண்டாகக் குறுக்கிய விதியை 2021 ஜூலையில் நீதிமன்றம் செல்லாது என்றது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் அதையே மறுபடி சட்டமாக்கியது. 2025 நவம்பரில் நீதிமன்றம் மறுபடியும் ரத்துசெய்தது. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பது எளிய நியாயம்தான். நீதிபதியின் பதவிக்காலத்தையும் வாடகை வீட்டையும் தன் கையில் வைத்துக்கொண்டு, நான் நீதிபதி இல்லையே என்று சொல்வது அந்த நியாயத்தைச் சுற்றிக்கொண்டு போகும் வழி. அந்த வழியை அடைக்க ஒரு வழக்கறிஞர் சங்கம் பதினைந்து ஆண்டுக்கு மேல் மன்றப் படியேறியிருக்கிறது.

கல்பாக்கத்துக்கு இதில் இன்னொரு சிக்கல். அணுசக்தி மத்தியப் பட்டியலில் 6ஆவது இனம். தமிழ்நாடு சட்டமன்றம் உலைகளின் பாதுகாப்பைப் பற்றி ஒரு வரி சட்டமும் இயற்ற முடியாது. ஆனால் உலைக்கு வெளியே விபத்தின் தாக்கம் பரவினால் மக்களை வெளியேற்றும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் அவர். ஆபத்தை அளப்பவர் மும்பையில், அனுமதி கொடுப்பவர் மும்பையில், பேருந்து ஏற்பாடு செய்ய வேண்டியவர் செங்கல்பட்டில். பொறுப்பு கீழே வந்தது, தகவல் மேலேயே தங்கியது. கூட்டாட்சி என்று பெரிய வார்த்தையில் பேசுவதை, இந்தக் கடற்கரையில் இவ்வளவு சிறியதாகச் சொல்லிவிடலாம்: எந்தச் சோதனையில் என்ன தெரிந்தது என்பதை, பேருந்து அனுப்ப வேண்டியவருக்கும் அதில் ஏற வேண்டியவருக்கும் சொல்லுங்கள்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் ‘சாந்தி’ என்று அழைக்கப்படும் புதிய அணுசக்திச் சட்டத்தை நிறைவேற்றியது. 1962 சட்டம் போனது. தனியார் கம்பெனிகள் அணுமின் துறைக்குள் வர வாசல் திறந்தது. ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது. 1981இல் மெக்கோனி குழு கேட்டது 2025இல் வந்திருக்கிறது. நாற்பத்து நான்கு ஆண்டு. இது உண்மையான முன்னேற்றம், மனதார வரவேற்கிறேன். இனி ஒரே ஓர் ஆணையால் வாரியத்தைச் சுருட்டிவிட முடியாது. தனியார் வரும்போது வலுவான வாரியம் முன்னைவிட அதிகம் தேவை. இதுவரை சோதிக்கப்பட்டவர் அரசுத் துறை மட்டும், இனி லாபக் கணக்குப் பார்க்கும் முதலாளியும் சேர்கிறார்.

ஆனால் கேள்விகளைத் திரும்பப் போட வேண்டும். வாரியத்தின் தலைவரையும் உறுப்பினரையும் பரிந்துரைக்கும் தேர்வுக் குழுவை அமைப்பது அணுசக்தி ஆணையம். அதாவது, பழைய ஏற்பாட்டில் வாரியம் யாரிடம் அறிக்கை கொடுத்ததோ அதே ஆணையம், புதிய ஏற்பாட்டில் அதன் தலைவரைத் தேடும் வாசலில் நிற்கிறது. தகவலைத் தடுத்து வைக்கும் அதிகாரமும் புதிய சட்டத்தில் தொடர்கிறது. ஐந்தாவது கேள்விக்கு விடை 1995இல் இருந்ததிலிருந்து பெரிதாக நகரவில்லை.

உத்திரமேரூர்ச் சபை 919இல் ஒரு விதியை வகுத்தது. நடைமுறையில் அதில் குறை கண்டிருக்க வேண்டும். 921இல், இரண்டே ஆண்டில், கூடித் திருத்தியது. வயது வரம்பை முப்பது முதல் அறுபது என்றிருந்ததை முப்பத்தைந்து முதல் எழுபது என்று மாற்றியது. கணக்குக் காட்டாதவரைத் தடுக்கும் விதியை விரித்து எழுதியது. இரண்டு கல்வெட்டும் இன்னும் அதே சுவரில் இருக்கின்றன, பழையதை யாரும் செதுக்கி அழிக்கவில்லை. சாந்தி சட்டத்தில் தேர்வுக் குழுவைப் பற்றிய பிரிவு சில வரிகள்தான். அந்தக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவருக்கு ஓர் இடமும், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு ஓர் இடமும் சேர்க்க ஒரு திருத்த மசோதா போதும். வாரியத்தின் சோதனை அறிக்கையை, ஆயுத ரகசியம் நீக்கி, ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க இன்னொரு வரி. அதன் தமிழ்ப் பிரதியை 16 கி.மீ. வட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு ஊராட்சிக்கும் அனுப்பி, கிராம சபையில் உரக்கப் படிக்கச் சொல்ல மூன்றாவது வரி. வட்டத்துக்கு வெளியே திருவிடந்தையில் இருப்பவர்களும் ஒரு பிரதி கேட்கலாம்.